உப்பில் அயோடின்: ஆலை முதல் அடுக்களை வரை

உடல் நலத்திற்கு மிகச் சிறிய அளவில் தேவைப்படும் ஊட்டப் பொருள்களுள் ஒன்று அயோடின். வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். கருவுற்ற தாய்க்கு 250 மைக்ரோகிராம் வேண்டும். கழுத்தின் முன்புறத்திலுள்ள தைராய்டு சுரப்பி இதனைக் கொண்டே தைராக்சின் என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. அயோடின் குறையுமாயின் சுரப்பி பருத்துக் கழலையாகிறது. அதனினும் கொடியது கண்ணுக்குப் புலப்படாத கேடாகும்: கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றுகிறது. பிறந்த பின் அவ்விழப்பை முழுமையாக ஈடுசெய்ய இயலாது.

காங்க்ரா காட்டிய வழி

மழையும் வெள்ளமும் மண்ணின் அயோடினை அரித்துச் செல்வதால் இமயமலை அடிவாரத்தில் இக்குறை மிகுந்திருந்தது. இன்று இமாசலப் பிரதேசத்தில் உள்ள காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் டாக்டர் வி. ராமலிங்கசாமி குழுவினர் ஆய்வொன்றைத் தொடங்கினர். பள்ளத்தாக்கு மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒன்றிற்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. 1962-இல், அயோடின் உப்பு பெற்ற பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்திருந்தது; மற்றதில் குறையவில்லை.

திட்டமும் சட்டமும்

அவ்வாண்டே தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. சமவெளிகளிலும் கடலோரங்களிலும் இக்குறை இருப்பது பின்னர் தெரியவரவே, உணவு உப்பு முழுவதிலும் அயோடின் சேர்க்க 1984-இல் முடிவாயிற்று. அயோடின் சேராத உப்பை நேரடி உணவுக்கு விற்பதற்கான நாடளாவிய தடை 2000-இல் நீக்கப்பட்டு, 2006-இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

உப்பு நுகர்வோரை அடையும்போது பத்து லட்சத்தில் குறைந்தது 15 பங்கும், உற்பத்தியாகுமிடத்தில் அதனினும் கூடுதலாகவும் அயோடின் இருத்தல் வேண்டும். இடைப்பட்ட வேறுபாடு, ஈரம், வெப்பம், நீண்ட நாள் சேமிப்பு ஆகியவற்றால் நேரும் இழப்பைக் கருதியதாகும்.

எஞ்சியுள்ள பணி

2018-19-இல் நடந்த தேசிய அளவிலான ஆய்வின்படி, போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய குடும்பங்கள் 76.3 விழுக்காடு. உப்பு உற்பத்தியில் முன்னணியிலுள்ள தமிழ்நாட்டில் இது 61.9 விழுக்காடே, மாநிலங்களுள் இதுவே மிகக் குறைவு. உப்பளம் அருகிலிருப்பதால் மட்டும் அயோடின் கிடைத்துவிடுவதில்லை என்பது இதனால் விளங்கும். கடலுப்பில் இயல்பாக உள்ள அயோடின் மிகச் சொற்பம். அதனை ஆலையில் சேர்த்தாக வேண்டும்.

எனவே, சிறு உற்பத்தியாளருக்கு அயோடின் சேர்க்கும் வசதியும், கடைகளில் மாதிரிச் சோதனையும் ஒருங்கே தேவை. சோதனைக் கரைசலின் ஒரு சொட்டு உப்பை நீலமாக்கினால் அயோடின் உண்டு என்று அறியலாம். இல்லத்தரசியர் உப்பை மூடிய கலத்தில், ஈரமும் வெயிலும் படாது வைத்தல் நன்று. அயோடினுக்காக உப்பை மிகுதியாக உண்ண வேண்டியதில்லை. உண்ணும் உப்பில் அயோடின் இருந்தால் போதும்.