முகத்தலும் நிறுத்தலும்

ஆகுபெயரை விளக்குமிடத்து நம் இலக்கண ஆசிரியர் அளவையை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நான்காகப் பகுத்துரைப்பர். இவற்றுள் முகத்தலும் எடுத்தலும் அடுக்களையில் நாள்தோறும் எதிர்ப்படுவன. வீட்டார் ஆழாக்காலும் தம்ளராலும் முகக்கின்றனர்; கடைக்காரரோ கிலோவில் நிறுத்துத் தருகின்றார். ஒன்றை மற்றொன்றாக மாற்றுதல் எளிதென்று எண்ணி யாம் பட்ட இடரே இக்கட்டுரைக்குக் காரணம்.

விடுதி விருந்தொன்றுக்கு நூறு எலுமிச்சம்பழங்களை ஊறுகாயிட முற்பட்டோம். மூதாட்டி ஒருவர் சொல்லிய அளவு, கல்லுப்பு ஆழாக்கு நான்கு. கல்லுப்புக் கிட்டாமையால் தூளுப்பை அதே ஆழாக்கால் நான்குமுறை முகந்திட்டோம். ஊறுகாயை வாயில் வைக்க இயலவில்லை. ஆழாக்கு பொய்க்கவில்லை, கல்லுப்பின் கட்டிகளிடையே காற்றுக்கு இடம் மிகுதி, தூளோ நெருங்கி அமைகின்றது. ஆதலின் முகந்த அளவு ஒன்றாயினும், இட்ட உப்பின் எடை மிகுந்துவிட்டது.

அதன்பின் 200 மில்லி லிட்டர் கொள்ளும் தம்ளர் ஒன்றைத் தலைதட்டி நிரப்பி, ஒவ்வொரு பொருளாக நிறுத்துப் பார்த்தோம். நீர் 200 கிராம் நின்றது. நல்லெண்ணெய் ஏறக்குறைய 184, பச்சரிசி 165, சர்க்கரை 170, தூளுப்பு 240, தேன் 280. நீரில் எண்ணெய் மிதப்பதையும் தேன் அடியில் தங்குவதையும் கண்டோர் இதனை வியவார்.

எம்மை மிகவும் அலைக்கழித்தது மைதாவே. கரண்டியால் மெல்ல அள்ளியிட்டபோது அதே தம்ளரில் 105 கிராம் அளவே கொண்டது. தட்டித் தட்டி அமுக்கியபோது 135-ஐ எட்டியது. சலித்த மாவோ இன்னுங் குறைவு. பணியாரம் ஒருநாள் மிருதுவாகவும் மறுநாள் கல்லாகவும் அமைவதற்குச் சமைப்பவர் கைராசியைப் பழிப்பதுண்டு. மாவை அள்ளிய விதத்தை எவரும் வினவுவதில்லை. மாவை மட்டுமேனும் நிறுத்தே எடுத்தல் வேண்டுமென்பது எம் துணிபு.

ஒருவர்க்குச் சமைக்குங்கால் இவ்வேறுபாடு பெரிதன்று. ஐம்பதின்மர்க்குத் தலைக்கு ஒரு தம்ளர் அரிசி என்று கொண்டு, தம்ளருக்கு 200 கிராமென மதித்தால் 10 கிலோ வாங்குவோம். வேண்டுவதோ 8 கிலோவும் 250 கிராமும். மிஞ்சுவதைச் சோறாக வடித்துவிட்டால் மறுநாள் அது குப்பையிலன்றோ சேரும்?

முற்காலத்தில், 3 தோலா ஒரு பலம், 40 பலம் ஒரு வீசை எனவும், 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால் எனவும் சென்னை நாட்டுச் சிறுவர் மனப்பாடஞ் செய்தனர். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் முறை வந்தபின் இவை மெல்ல மறைந்தன. படி ஊருக்கு ஊர் வேறுபட்டமை வேறொரு தொல்லை. ஆழாக்கு எத்தனை பலம் என்று வினவியவரை நோக்கி, எதன் ஆழாக்கு என்று எதிர்வினா எழுப்பாது விடையிறுத்தல் அன்றும் இயலாததே.

மாற்றும் முறை கடினமன்று. வெறுங்கலத்தை நிறுத்து, பொருளைத் தலைதட்டி நிரப்பி மீண்டும் நிறுத்து, வேற்றுமையைக் குறித்துக்கொள்க. அதே கலத்தில் நீர் கொள்ளும் எடையால் அதனை வகுத்தால் வரும் எண், எவ்வளவு பெரிய கலத்துக்கும் பொருந்தும். பச்சரிசிக்கு அது 0.825. புதிய மூட்டை அவிழ்க்கும்போதெல்லாம் ஒருமுறை சரிபார்த்தல் நலம். எம் விடுதிச் சமையலறையில் இவ்வெண்களை எழுதிய அட்டையொன்று அரிசிப்பெட்டியின் மூடியில் ஒட்டப்பட்டுள்ளது. கல்லுப்புக்கும் தூளுப்புக்கும் தனித்தனி வரிகள் உள.