வறட்சியும் பெண்டிர் பொறுப்பும்

2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழக மாவட்டங்கள் அனைத்தும் வறட்சிக்குள்ளானவையாக அறிவிக்கப்பட்டன. புவி வெப்பம் மிகுந்துவர, மழை காலந்தப்புவது பெருகுமென விஞ்ஞானிகள் எச்சரிக்கின்றனர்.

மழை தவறினால் ஆடவர் திருப்பூர் போன்ற நகரங்களுக்குக் கூலி தேடிச் செல்கின்றனர். நாற்று நடுதலும் களையெடுத்தலும் முன்னரே பெண்டிர் பணி. இப்பொழுது நீர் பாய்ச்சுதல், உரமிடுதல், ஆள் அமர்த்துதல் ஆகியனவும் அவர்களையே சேர்கின்றன. ஆயினும் பட்டா கணவர் பெயரில். சங்க அங்கத்தினரும் அவரே. பயிர்க்கடன் பத்திரத்தில் கையொப்பமிட அவர் ஊரில் இல்லை. விதைப்புப் பருவமோ காத்திராது.

ஆகவே, அங்கத்தினர்களுக்கு நாம் கூறுவது இது: நிலத்தில் ஒரு பகுதியை மனைவியின் பெயருக்கு எழுதிவைத்துப் பட்டாவை மாற்றுங்கள், அவரையும் சங்கத்தில் சேர்த்திடுங்கள். சாகுபடி செய்பவர் கைக்கே கடனும் காப்பீடும் எட்டுவதன்றோ கூட்டுறவு!