திங்கள் ஏறினால் புதனா?

கேள்வி: நியூயார்க்கிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம். திங்கள் இரவு ஏறினால் புதன் விடியற்காலை இறங்குவதாக டிக்கெட்டில் போட்டிருக்கிறது. நடுவில் ஒரு நாள் எங்கே போனது?

பதில்: பாதியைக் கடிகாரம் தின்றுவிடுகிறது. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூரின் சாங்கிக்குச் சுமார் 15,300 கிலோமீட்டர். பயணம் பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல். சிங்கப்பூர் நேரமோ கோடையில் 12 மணியும் குளிர்காலத்தில் 13 மணியும் முந்தி ஓடுகிறது. இரண்டையும் கூட்டினால் செவ்வாய் காணாமல் போவது சரிதான். திரும்பும்போது கடிகாரம் தின்ற பாதி வட்டியில்லாமல் கிடைத்துவிடும்.

ஆனால் கிலோமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டிப் போகிறது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று முதுகில் தள்ளினால், சுற்றுவழியே சீக்கிரம் சேர்க்கும். அதனால் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் செல்லும் விமானம் பல நாட்களில் பசிபிக் கடலைத்தான் தாண்டுகிறது. வழி அன்றன்றைய காற்றைப் பார்த்து முடிவாகிறது.

இன்னொன்று: இந்தத் தடத்தில் பறக்கும் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது. மொத்தமே 161 இருக்கைகள். தூரத்தைவிடக் கட்டணம்தான் மலைக்க வைக்கும்!