இரண்டு புள்ளிகள் சொல்லும் பாடம்

கால்பந்து என்றதும் கோல் அடிப்பதே நம் நினைவுக்கு வருகிறது. ஜெர்மனியின் முதற்பிரிவுப் போட்டியான புண்டஸ்லிகாவின் 1997-98ஆம் ஆண்டு நமக்கு வேறொன்றையும் கற்பிக்கிறது.

இதில் 18 அணிகள் ஆடுகின்றன. ஒவ்வோர் அணியும் மற்ற 17 அணிகளுடன் இருமுறை மோதும். ஆக 34 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளிகள், சமநிலைக்கு 1, தோல்விக்கு ஒன்றுமில்லை. கடைசி இடங்களில் நிற்கும் அணிகள் இரண்டாம் பிரிவுக்கு இறங்க நேரிடும்.

1996-இல் கைசர்ஸ்லாட்டர்ன் அணி அவ்வாறு இறங்கியது. 1990 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் வெற்றிக் கோலை அடித்த ஆந்திரியாஸ் பிரேமே, அன்று எல்லோர் முன்னிலும் கண்ணீர் விட்டார். ஆயினும் அவர் அணியைவிட்டு நீங்கவில்லை. அதே ஆண்டில் பேயர்ன் மியூனிக் அணி விலக்கிவிட்ட ஓட்டோ ரேஹாகல், பயிற்சியாளராக வந்து சேர்ந்தார். ஓராண்டில் அணி மீண்டும் மேலேறியது. மேலேறியதும் முதல் ஆட்டத்திலேயே, பேயர்னை அதன் சொந்த ஊரில் 1-0 என வென்றது.

ஆண்டு முடிவில் கைசர்ஸ்லாட்டர்ன் 68 புள்ளிகள், பேயர்ன் 66. கணக்கைச் சற்று உற்று நோக்குவோம். இரு அணிகளும் வென்றவை 19 ஆட்டங்களே! ஆனால் பேயர்ன் 9 ஆட்டங்களைச் சமன் செய்து, 6-இல் தோற்றது. கைசர்ஸ்லாட்டர்ன் 11 ஆட்டங்களைச் சமன் செய்து, 4-இல் மட்டுமே தோற்றது. அந்த இரண்டு புள்ளிகளே பட்டத்தைத் தந்தன. மேலேறி வந்த ஆண்டிலேயே பட்டம் வென்ற அணி புண்டஸ்லிகாவில் வேறில்லை.

வெல்ல இயலாத நாளில் தோற்காது நிற்பதற்கும் ஒரு புள்ளி உண்டு. தேர்வில் தவறி, கண்கலங்கி நிற்கும் தோழிக்கு நாம் இதை எடுத்துச் சொல்வோம்.