இலை சுருண்டால் மருந்தைத் தேடாதீர்கள்... முதலில் நாடி பாருங்கள்!

துளசி, வெற்றிலை, கற்பூரவல்லி, கறிவேப்பிலை... இந்த நாலும் தொட்டியில் இருந்தால் ஒரு சின்ன மருந்துக்கடையே வீட்டில் இருக்கிற மாதிரி. குழந்தைக்குச் சளி என்றால் கற்பூரவல்லி. பெரியவருக்கு மந்தம் என்றால் வெற்றிலை.

அதனால்தானோ என்னவோ, என்னிடம் நாடி பார்க்க வருகிறவர்கள் எழுந்து போகும்போது செடிக்கும் வைத்தியம் கேட்கிறார்கள். "சார், வெத்திலைக்கொடியில இலையெல்லாம் சுருட்டிக்கிட்டுப் போவுது. உரக்கடையில ஒரு மருந்து குடுத்திருக்காங்க. அடிக்கலாமா?"

அடிக்காதீர்கள். இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கும் வரையாவது அடிக்காதீர்கள்!

ஏன் என்றால், இலை சுருளுவது நோய் இல்லை, நோயின் குறி. காய்ச்சல் மாதிரி. எதனால் வந்தது என்று பார்க்காமல் மாத்திரை போடலாமா? சித்த மருத்துவத்தில் 'எண்வகைத் தேர்வு' என்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எட்டையும் பார்த்துவிட்டுத்தான் மருந்து. செடிக்கு நாக்கும் விழியும் கிடையாது. ஆனால் தொட்டுப் பார்க்கலாம், நிறம் பார்க்கலாம். மொழிக்குப் பதிலாக, தினமும் தண்ணீர் ஊற்றுகிற உங்களையே நாலு கேள்வி கேட்கலாம்.

முதல் கேள்வி: மண் ஈரமா, காய்ச்சலா?

ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள்.

மண் காய்ந்து, தொட்டி லேசாக இருந்தால் தாகம். வேர் தரும் தண்ணீர் போதாதபோது, இலை தன்னைக் குழாய் போலச் சுருட்டிக்கொண்டு வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. அது செடியின் தற்காப்பு. அடித்துளை வழியே வெளியேறும்வரை நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். பெரும்பாலும் மறுநாளே இலை விரிந்துவிடும்.

மண் சொதசொதவென்று இருந்தும் இலை தொங்கிச் சுருண்டால் விஷயம் வேறு. வேர் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். கீழ் இலைகள் மஞ்சளாகும். மண்ணை முகர்ந்தால் அழுகல் வாடை வரும். இங்கேதான் பலர் "பாவம், வாடிப்போச்சே" என்று இன்னொரு சொம்பு ஊற்றுகிறார்கள். அதோடு செடியின் கதை முடிந்தது.

இரண்டாவது கேள்வி: தொட்டி என்ன தொட்டி?

எங்கள் விருத்தாசலம் பீங்கான் ஊர். பியூஸ் கட்டையிலிருந்து பொம்மை வரை சூளையில் வேகிற ஊர். அந்தப் பளபளப்பு அழகுதான். ஆனால் செடிக்கு அது என்ன செய்கிறது?

மண்பானையையும் ஊறுகாய் ஜாடியையும் நினைத்துப் பாருங்கள். பானை வெளியே வியர்க்கிறது. தண்ணீர் கசிந்து ஆவியாகிறது. ஜாடி வியர்ப்பதில்லை. அதன் மேலே உள்ள கண்ணாடிப் பூச்சு ஈரத்தை விடாது. தொட்டியும் அப்படியே. மண் தொட்டியில் பக்கவாட்டிலும் ஈரம் போகும். பூச்சுப் பூசிய பீங்கான் தொட்டியில் மேல்வாயும் அடித்துளையும்தான் வழி. ஆகவே, மண் தொட்டிக்கு ஊற்றுகிற அளவைப் பீங்கான் தொட்டிக்கு ஊற்றக்கூடாது. விரல் காய்ச்சல் காட்டினால் மட்டும் ஊற்றுங்கள். அடியில் துளையே இல்லாத அழகுத் தொட்டியா? துளையுள்ள சின்னத் தொட்டியில் செடியை வைத்து, அதை உள்ளே இறக்குங்கள். தேங்கும் தண்ணீரை அப்போதைக்கப்போது கொட்டிவிடுங்கள்.

தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்து, இலை நுனி கருகியிருந்தால் போர்வெல் தண்ணீரின் உப்பு ஒரு காரணமாக இருக்கலாம். மாதம் ஒருமுறை மழைநீரோ நல்ல தண்ணீரோ தாராளமாக ஊற்றி வடியவிடுங்கள்.

மூன்றாவது கேள்வி: செடி எங்கே இருக்கிறது?

வெற்றிலை நிழல் விரும்பி. கொடிக்காலில் அகத்தியை நட்டு அதன் மேல் வெற்றிலையைப் படரவிடுவது இதற்கும்தான். அதைக் கொண்டுபோய் மேற்கு பார்த்த பால்கனியில், மே மாத வெயிலில் வைத்தால் சுருளாமல் என்ன செய்யும்? மணி பிளான்ட்டை ஏ.சி. காற்று நேராக அடிக்கிற இடத்தில் வைத்தாலும் இதே கதைதான். இடத்தை மாற்றுங்கள். ஏற்கெனவே கருகிய இலை திரும்பாது. புதுக்கொழுந்து சரியாக வருகிறதா என்று இரண்டு வாரம் பாருங்கள்.

நாலாவது கேள்வி: கொழுந்து மட்டும் சுருளுகிறதா?

மண் சரி, இடம் சரி, முதிர்ந்த இலையும் சரி. கொழுந்து மட்டும் சுருளுகிறது என்றால் பூச்சியைச் சந்தேகப்படுங்கள். இலையைத் திருப்பி, லென்ஸ் இருந்தால் வைத்துப் பாருங்கள்.

* மிளகாய்ச் செடியில் இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டால் மஞ்சள் சிலந்தி. விவசாயிகளுக்கு இது அத்துப்படி.

* இலை பிசுபிசுக்கிறது, எறும்பு ஏறி இறங்குகிறது என்றால் அசுவினி, மாவுப்பூச்சி போன்ற சாறு உறிஞ்சிகள். எறும்பு அவை கழிக்கும் இனிப்பு நீருக்கு வருகிறது.

* மிளகாய், தக்காளி, பப்பாளியில் இலை சுருங்கி, நரம்பு தடித்து, செடி வளராமல் நின்றுவிட்டால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை. பிடுங்கி அப்புறப்படுத்தினால் பக்கத்துச் செடியாவது பிழைக்கும்.

சரி, என்ன வைத்தியம்?

முதலில் அதிகம் சுருண்ட நுனிகளைக் கிள்ளி எடுத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீச்சுங்கள். பாதிப் பூச்சி இதிலேயே போய்விடும். மாவுப்பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்கலாம்.

அதற்கும் அடங்கவில்லையா? வேப்பெண்ணெய் ஒரு டீஸ்பூன், சோப்புக் கரைசல் சில துளி. இரண்டையும் முதலில் குழைத்து, பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் இரண்டு பக்கமும் தெளியுங்கள். முதல் நாள் ஒரே ஓர் இலையில் மட்டும் அடித்துப் பாருங்கள், கருகாவிட்டால் மற்றதற்கு. வாரம் ஒருமுறை, மூன்று வாரம். தெளித்து ஒரு வாரம் வரை இலை பறிக்க வேண்டாம்; பிறகும் நன்றாகக் கழுவியே பயன்படுத்துங்கள். வெள்ளை ஈக்கு, மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் வந்து ஒட்டிக்கொள்ளும்.

பூச்சியைத் தின்னும் பூச்சியும் உண்டு என்பதை மறக்காதீர்கள். 2008-ல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று பலதையும் பதம் பார்த்தது. அதை அடக்கக் கைகொடுத்தது, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விடப்பட்ட ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி! கண்டபடி விஷம் அடித்தால் இந்த நண்பர்கள்தான் முதலில் சாவார்கள்.

கடை மருந்து ஏன் வேண்டாம்?

பூச்சிமருந்துகளில் பல, செடி உறிஞ்சி உள்ளே பரவும் வகை. இலைக்குள் போனதைக் குழாயடியில் கழுவி எடுக்க முடியாது. அந்தக் கற்பூரவல்லியைச் சாறு பிழிந்து ஒரு வயதுக் குழந்தைக்குக் கொடுத்தால், சளிக்கு மருந்தா கொடுக்கிறோம்? யோசியுங்கள்!

டப்பாவும் ஆபத்துதான். 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். சமையல் எண்ணெயில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து. இந்த மருந்தைக் காய்கறிகளுக்கு அடிக்கக்கூடாது என்று 2005-லேயே தடை வந்துவிட்டது. ஆகவே இத்தகைய டப்பாவைச் சமையலறைப் பக்கமே சேர்க்காதீர்கள். காலியானாலும் கழுவி உபயோகிக்காதீர்கள். யாராவது தெரியாமல் விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்கவைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். கை வைத்தியமும் வேண்டாம். 108-க்கு போன் செய்து, டப்பாவோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சித்த வைத்தியனாகிய நானே சொல்கிறேன்.

இன்னொன்று. சுருண்ட, பிசுபிசுத்த, புள்ளி விழுந்த இலையைக் கஷாயத்துக்குப் பறிக்காதீர்கள். மருந்து இலை ஆரோக்கியமாக இருக்க வேண்டும். நர்சரியிலிருந்து புதிதாக வாங்கிய செடியில் என்ன மருந்து அடித்திருந்தார்களோ நமக்குத் தெரியாது. பழைய இலையை விட்டுவிட்டு, நம் வீட்டில் துளிர்த்து வளர்ந்த இலையையே எடுங்கள். மணி பிளான்ட் அழகுக்கு மட்டும். குழந்தை கடித்தால் வாய் எரியும், எட்டாத உயரத்தில் வையுங்கள்.

நாளைக் காலை தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் விரலை மண்ணில் விடுங்கள். ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு நிமிஷ வேலைதான். செடிக்கு நாடி பார்ப்பது என்பது இதுதான்!