எருக்கஞ்செடியும் முதற் சீலமும்



பஞ்சசீலத்துள் முதலாவது, உயிர்க்கொலையினின்று விலகி நிற்றல். இதனை நாடோறும் ஓதுகிறோம். தடியைக் கீழே போட்டவன், வெறுங்கையாகிய அக்கையால் அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உயிர்களிடத்து மைத்திரி கொண்டு அவை வாழ வழி செய்தலே இச்சீலத்தின் மறுபாதி. மழைக்காலத்தில் பிக்குகள் ஊர் ஊராய்த் திரிந்து பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதிக்கின்றனர் என்று மக்கள் முறையிட்டபோது, பகவன் புத்தர் அவர்களை ஓரிடத்தில் தங்குமாறு விதித்தார் என்று விநயம் கூறுகிறது. சிற்றுயிரின்பொருட்டு ஒரு சங்கமே தன் நடையை நிறுத்திக்கொண்டது. இல்லறத்தார் வீட்டிலிருந்தே இதனைப் பயில ஓர் எளிய வழி பட்டாம்பூச்சி பேணுதல். அதனையே இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டு

வட அமெரிக்காவில் மொனார்க் என்றொரு பட்டாம்பூச்சி உண்டு. முடிமன்னன் என்பது பெயரின் பொருள். ராக்கி மலைக்குக் கிழக்கே வாழும் இவை, இலையுதிர் காலத்தில் கனடாவிலிருந்தும் அமெரிக்க ஐக்கிய நாட்டிலிருந்தும் புறப்பட்டு, 4,000 கிலோமீட்டர் வரை பறந்து, மெக்சிகோவின் மலைக்காடுகளில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அவ்விடத்தை ஆராய்ச்சியாளர் அறிந்தது 1975-ஆம் ஆண்டிலேதான். வசந்தத்தில் வடக்கே திரும்பும் பூச்சி, வழியில் முட்டையிட்டு மடியும். அதன் மக்களும் பேரரும் பயணத்தைத் தொடர்வர். தென்திசை சென்ற பூச்சி தான் பிறந்த வடநாட்டை மீண்டும் காண்பதில்லை; அதன் வழிவந்தவையே அங்கு சேர்கின்றன.

மொனார்க்கின் புழு உண்பது பால்வடியும் ஒருவகைச் செடியின் இலையை மட்டுமே. வயல்களில் களைக்கொல்லி தெளித்து அச்செடியை ஒழித்தமையாலும், காடு வெட்டப்பட்டமையாலும், பருவநிலை மாறியமையாலும் இவ்வினம் பெரிதும் குறைந்தது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வலசை போகும் மொனார்க்கை 2022-இல் அழியும் ஆபத்திலுள்ளவற்றுள் சேர்த்தது. 2023-இல் மறுபடி ஆய்ந்து ஒரு படி குறைந்த நிலையில் வைத்தது. அந்நாட்டார் பலர் இன்று தம் வீட்டுத் தோட்டத்தில் அச்செடியை நட்டு வருகின்றனர்.

2. நம் வாயிலில் உள்ள உறவு

அம்மன்னனின் நெருங்கிய உறவினம் இந்திய நாடெங்கும் உண்டு. வெந்தய வரியன் என்பர். செம்மஞ்சள் இறகு, கறுத்த ஓரம், முன்னிறகு நுனியில் வெண்பட்டை ஆகியவை அதன் அடையாளம். அது முட்டையிட நாடுவது பெரும்பாலும் எருக்கஞ்செடியையே.

எருக்கு முளைத்த வீடு பாழ் என்பது உலக வழக்கு. வெள்ளெருக்கின் வேரைத் தோண்டிப் பிரதிமை செய்து பூசிப்போரும், வாயிலில் ஊதா எருக்கு முளைத்தால் வெட்டி எறிவர். ஒன்றைத் தெய்வமென்றும் மற்றொன்றைத் தீட்டென்றும் பிரித்தது செடியன்று, மனிதன். அவ்வாறு ஒதுக்கப்பட்ட செடியின் நஞ்சை உண்டே அப்புழு வளர்கிறது. அந்நஞ்சு உடலில் தங்குவதால் பறவைகள் அதனைத் தின்னாது விலகுகின்றன. உலகம் கசப்பென்று தள்ளியது ஓர் உயிருக்குக் கவசமாயிற்று. ஒதுக்கப்படுதல் இன்னதென்று அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

3. பேணும் முறை

வேலியோரத்தில் முளைத்த எருக்கை வெட்டாது விடுக. இடமில்லாதார் தொட்டியில் வைக்கலாம். எருக்கம்பால் கண்ணிற் பட்டால் பெருந்தீங்கு விளையும். சிறுவர் பெரியோர் துணையின்றி இலை பறித்தலாகாது. தொட்டபின் கைகழுவுதல் வேண்டும். பூச்சிமருந்து அறவே ஆகாது. தேனுக்காகச் சாமந்தி போன்ற பூச்செடிகளும், ஆண்பூச்சிகள் நாடிவரும் கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் அருகில் இருத்தல் நன்று.

தாய்ப்பூச்சி பெரும்பாலும் இலையின் அடியில் முட்டைகளை ஒவ்வொன்றாக இடும். சில நாளில் புழு வெளிவந்து முதலில் முட்டையோட்டையே உண்ணும். கருமையும் வெண்மையும் மஞ்சளும் கலந்த வரிகளும், முதுகில் மூன்று இணைக் கருங்கொம்புகளும் அதற்கு உண்டு. நான்கு முறை தோலுரித்து, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் தலைகீழாய்த் தொங்கிக் கூட்டுப்புழுவாகும். பின்னும் ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் பட்டாம்பூச்சி வெளிப்படும். வெளிவரத் திணறுகிறதென்று கூட்டைப் பிரித்து உதவுதல் கூடாது. ஈர இறகு விரிந்து உலரும் வரை அதனைத் தொடலாகாது.

எறும்பும் குளவியும் புழுவைத் தின்னும். அவற்றைக் கொன்று புழுவைக் காத்தல் சீலமாகாது. தொட்டியை நீர்நிறைந்த தட்டின்மேல் வைத்தால் எறும்பு ஏறாது. கிளையின்மீது மெல்லிய மல் துணியைப் பைபோல் கட்டினால் குளவி அணுகாது. இவ்வளவு செய்தும் சில புழு மடியும். ஒருவகை ஈயின் குஞ்சுகள் புழுவினுள்ளிருந்தே அதனைத் தின்று வெளிவரும். அவையும் பசித்த உயிரே. அவ்விடத்து நமக்கு வேண்டுவது உபேக்கை.

4. அன்பு சிறையாகலாகாது

அமெரிக்காவில் சிலர் ஆர்வ மிகுதியால் நூற்றுக்கணக்கான புழுக்களைப் பெட்டிகளில் நெருக்கி வளர்த்தனர். நெருக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி நோய் பரவியது. விற்பனைக்கென வளர்த்த பூச்சிகள் தெற்கு நோக்கிப் பறக்கும் திசையறிவை இழந்திருக்கக் கண்டதாக 2019-இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. ஆகவே நாம் வளர்க்க வேண்டுவது செடியை; புழு தானே வளரும். சிறுவர்க்குக் காட்ட ஒன்றிரண்டைக் கூண்டில் வைத்தாலும், இறகு உலர்ந்த அன்றே வெளியில் விடுக. தனதென்னும் பற்று நுழைந்தால் மைத்திரி கெடும்.

5. இதனால் அறியும் தருமம்

புழுவுடலை விட்டு ஆன்மா பட்டாம்பூச்சியாய்ப் பறந்தது என்று சிலர் உவமை கூறுவர். பௌத்தர் அங்ஙனம் கூறலாகாது. கூட்டினுள்ளே புழுவின் உறுப்புகளுட் பெரும்பகுதி கரைந்து போகிறது. புழுவாயிருந்தபோதே உள்ளே சிறு கருவாய் இருந்தவை வளர்ந்து இறகும் காலும் கண்ணும் ஆகின்றன. அங்கே மாறாது நின்று வெளியேறிய பொருள் எதுவும் இல்லை. காரணத்தைத் தொடர்ந்து காரியம் தோன்றியது. மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கு ஏற்றப்படுதலைக் காட்டியது இவ்வுண்மைக்காகவே. மொனார்க்கின் பயணமும் அதுவே. போனது வேறு, வந்தது வேறு. ஆயினும் வழி அறுபடவில்லை. நாம் ஏற்ற தருமமும் நம்மோடு முடிவதன்று. நம் மக்கள் அதனை ஏந்திச் செல்ல, அவர்க்கு இன்று ஓர் இலையேனும் மிச்சம் வைத்தல் நம் கடன்.

ஞாயிறு வகுப்பில் கேட்கத்தக்க வினாக்கள்

1. எறும்பைக் கொன்று புழுவைக் காத்தல் ஏன் சீலமாகாது?
2. புழுவும் பட்டாம்பூச்சியும் ஒன்றா, வேறா?
3. உங்கள் தெருவில் எருக்கு எங்கே நிற்கிறது? இவ்வாரம் அதன் இலையடியைப் பார்த்துவந்து கூறுக.