உப்புநீர் மீன்தொட்டிக்கு ஒரு கீழ்த்தொட்டி வடிகட்டி

கடலின் நிற மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்துப் பார்க்கும் ஆசை எமது கரையோரக் கிராமங்களிலும் பாடசாலைகளிலும் பலருக்கு உண்டு. நன்னீர்த் தொட்டியைத் திறமையாகப் பராமரிப்பவர்களே உப்புநீர்த் தொட்டி வைத்தவுடன் தடுமாறுகின்றனர். “முதல் மாதத்திலேயே மீன்கள் ஏன் சாகின்றன?” என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி.

இக்கேள்வி வெறும் பொழுதுபோக்கைப் பற்றியது அன்று. கடல் அலங்கார மீன்களில் மிகப் பெரும்பாலானவை பண்ணைகளில் பிறந்தவை அல்ல. முருகைக்கற்பாறைகளில் சுழியோடிகள் பிடித்துக் கொண்டுவருபவை. அப்பாறைகளோ ஏற்கெனவே நலிவுற்றுள்ளன. 1998 இல் கடல்நீர் வெப்பம் மிகுந்தபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பாறைகளிலும் முருகைகள் வெளிறி மடிந்தன. தொட்டியில் ஒரு மீன் செத்தால், அதன் இடத்தை நிரப்ப இன்னொன்று கடலிலிருந்து வரவேண்டும். ஆகவே மீன் வாங்குவதற்கு முன் வடிகட்டியைச் சரியாக அமைத்துக்கொள்வது நமது கடமை.

கழிவு எங்கே போகின்றது?

மீன் தன் செவுள்கள் வழியே அமோனியாவை வெளிவிடுகின்றது. எஞ்சிய உணவு அழுகும்போதும் அமோனியா உண்டாகின்றது. இது நஞ்சு. கடல்நீர் சற்றுக் காரத்தன்மை உடையதாதலால் (பீ.எச். 8.1 முதல் 8.4 வரை) அமோனியாவின் நச்சு வடிவம் நன்னீரிலும் பார்க்க இதில் கூடுதலாக இருக்கும். உப்புநீரில் கரையும் ஒட்சிசனும் குறைவு. உப்புநீர்த் தொட்டி தவறுகளைப் பொறுக்காததற்கு இவை இரண்டும் முக்கிய காரணங்கள்.

இயற்கையில் இந்நஞ்சை அகற்றுபவை பக்ரீரியாக்கள். ஒருவகை அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். மற்றொருவகை அதனை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரைற்றும் தீயதே. நைத்திரேற்றின் தீமை மிகக் குறைவு. அதனை நீர் மாற்றி அகற்றலாம். 1890 ஆம் ஆண்டளவில் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி இப்பக்ரீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். இவற்றுக்குத் தேவையானவை இரண்டு: ஒட்டிக்கொள்ள இடம், ஓயாது வந்துசேரும் ஒட்சிசன். நல்ல வடிகட்டி என்பது இவ்விரண்டையும் கொடுக்கும் வீடே ஆகும்.

கீழ்த்தொட்டி என்றால் என்ன?

மீன்தொட்டிக்குக் கீழே, மேசையின் உட்புறத்தில் வைக்கப்படும் சிறிய தொட்டியே கீழ்த்தொட்டி. இதனை ‘சம்ப்’ என்றும் கூறுவர். மேல்தொட்டியில் மிகும் நீர் குழாய்வழியே தானாக இதற்குள் இறங்கும். இங்கே சுத்தமாகி, பம்பியினால் மீண்டும் மேலே போகும். இதனால் மூன்று நன்மைகள் உண்டு. மொத்த நீரளவு கூடுகின்றது. நீர் விழுந்து கலங்கும்போது ஒட்சிசன் சேர்கின்றது. வடிகட்டும் பொருட்களை மீனைக் குழப்பாமல் கழுவலாம்.

அளவுகள்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மேல்தொட்டி 90 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம், 45 உயரம். நீர்மட்டம் 40 சென்ரிமீற்றர் எனில் 162 லீற்றர் நீர் கொள்ளும். கீழ்த்தொட்டி 60 நீளம், 30 அகலம், 40 உயரம். இதில் 20 சென்ரிமீற்றருக்கு மேற்படாமலே நீர் நிற்கவேண்டும். அதாவது 36 லீற்றர்வரை. மீதி வெறுமையாக இருக்கட்டும். அதன் காரணம் பின்னர் விளங்கும்.

கீழ்த்தொட்டியைக் கண்ணாடித் தடுப்புகளால் மூன்று அறைகளாகப் பிரியுங்கள்.

முதலாம் அறையில் மேலிருந்து வரும் நீர் துணிப்பையிலோ பஞ்சிலோ விழவேண்டும். உணவுத் துணுக்குகள் இங்கே தங்கும். நுரைபிரிப்பான் வாங்க வசதியிருந்தால் அதன் இடமும் இதுவே. நுண்ணிய காற்றுக் குமிழிகளில் அழுக்கு ஒட்டி நுரையாக மேலெழுவதை அது சேர்த்தெடுக்கும்.

இரண்டாம் அறை பக்ரீரியாக்களின் வீடு. துளைகள் நிறைந்த பொருட்களை இங்கே இடுங்கள்: கடையில் விற்கும் பீங்கான் வளையங்கள், பிளாஸ்ரிக் பந்துகள் அல்லது நன்றாகக் கழுவி உலர்த்திய வெற்றுச் சிப்பி ஓடுகள். இதற்காகக் கடலில் முருகைக்கல் உடைக்கவேண்டாம். அது சட்டவிரோதம், மீனைக் காக்க அதன் வீட்டை இடிப்பது போலவும் ஆகும்.

மூன்றாம் அறை பம்பிக்குரியது. இதன் முன்னே 3 சென்ரிமீற்றர் இடைவெளியில் மூன்று தடுப்புகள் வைத்து, நீர் முதலாவதன் மேலாகவும் இரண்டாவதன் கீழாகவும் மூன்றாவதன் மேலாகவும் வருமாறு செய்யுங்கள். காற்றுக் குமிழிகள் இங்கேயே நின்றுவிடும். இவ்வறை 15 சென்ரிமீற்றர் நீளமாகவும் அதில் நீர் 15 சென்ரிமீற்றர் ஆழமாகவும் இருந்தாற் போதும்.

மணித்தியாலத்துக்கு 800 லீற்றர் அளவில் நீர் சுற்றுவது போதுமானது. பம்பிப் பெட்டியில் எழுதியுள்ள அளவு, நீரை உயர்த்தாதபோது கிடைப்பது. ஒரு மீற்றருக்கு மேல் உயர்த்தும்போது அது வெகுவாகக் குறையும். எனவே சற்றுப் பெரியதையே வாங்குங்கள்.

கண்ணாடியை ஒட்டுவதற்குப் பூஞ்சைகொல்லி கலக்காத சிலிக்கனைப் பயன்படுத்தி, ஒரு கிழமை உலரவிடுங்கள். குழாய்கள் பி.வி.சி.யாக இருக்கட்டும். செம்பு, பித்தளை, இரும்பு எதுவும் நீரில் படக்கூடாது. செம்பு மிகச் சிறிதளவிலும் இறால், நத்தை போன்றவற்றைக் கொல்லும்.

இரண்டு ஆபத்துகள்

முதலாவது மின்வெட்டு. பம்பி நின்றதும் மேலேற்றும் குழாய் தலைகீழாக நீரை உறிஞ்சத் தொடங்கும். குழாயின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே 2 சென்ரிமீற்றரில் இருந்தால் 8 லீற்றர் நீர் இறங்கும். கீழ்த்தொட்டியில் மட்டம் 4½ சென்ரிமீற்றர் உயரும். நாம் விட்ட வெற்றிடம் அதைத் தாங்கிக்கொள்ளும். குழாயின் வாய் தொட்டியின் அடியில் இருந்தாலோ வீடு முழுவதும் கடல்நீராகும். ஆகவே வாயை மேலேயே வையுங்கள். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளையும் இடலாம். ஆனால் அதில் பாசி அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கீழிறங்கும் குழாய் அடைபடுதல். அப்போது பம்பி தன் அறையிலுள்ள நீர் முழுவதையும் மேலே ஏற்றிவிடும். நமது அளவின்படி அது 7 லீற்றருக்கும் குறைவு. மேல்தொட்டியில் 2 சென்ரிமீற்றர்கூட உயராது. மேலே 5 சென்ரிமீற்றர் வெறுமையாக இருப்பதால் நீர் வழியாது. பம்பி அறையைச் சிறிதாக வைப்பதன் பொருள் இதுவே. கீழிறங்கும் குழாய்க்குக் கண்ணாடிக் கடையில் துளையிட்டுக்கொள்வது நல்லது. விளிம்புக்கு மேலாக உறிஞ்சி இறக்கும் குழாயில் காற்றுப் புகுந்தால் அது நின்றுவிடும்.

மீன் விடுவதற்கு முன் இரண்டையும் நீங்களே சோதியுங்கள். பம்பியை நிறுத்தி, நீர் எதுவரை உயர்கின்றது எனப் பார்த்து அடையாளமிடுங்கள். பின்னர் குழாயை அடைத்துப் பாருங்கள். மின்கம்பி ஆளியை நோக்கி ஏறுமுன் ஒரு வளைவாகத் தொங்கட்டும். வழியும் நீர் அங்கே சொட்டிவிடும். ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் உப்புநீரையும் மின்சாரத்தையும் சேர்க்கவேண்டாம். நீரில் கைவைக்குமுன் மின்னை நிறுத்துங்கள்.

நீரும் பொறுமையும்

கடல்நீரை ஆற்று முகத்துவாரத்துக்கும் துறைமுகத்துக்கும் அப்பால், மழையில்லா நாட்களில் எடுங்கள். நீரமானி 1.023 முதல் 1.025 வரை காட்டவேண்டும். வடகீழ்ப் பருவ மழையில் கிழக்குக் கரையோர நீரின் உவர்ப்புக் குறையும். எனவே முன்கூட்டியே சேமித்துக்கொள்ளுங்கள்.

தொட்டி ஓடத் தொடங்கியதும் மீன் விடவேண்டாம். ஓர் இறால் துண்டைப் போட்டுக் காத்திருங்கள். முதலில் அமோனியா ஏறும், பின் நைத்திரைற்று ஏறும், ஈற்றில் இரண்டும் இல்லாமற் போகும். இதற்கு 4 முதல் 6 கிழமைகள் செல்லும். முதல் மாதத்தில் மீன் சாவதன் விடை இங்கேதான் இருக்கின்றது: வீடு கட்டி முடியுமுன் விருந்தாளியை அழைத்துவிடுகின்றோம். பரிசோதனை மருந்து இரண்டுக்கும் பூச்சியம் காட்டிய பின்னரே ஒன்றிரண்டு சிறு மீன்களை விடுங்கள். அடுத்ததை விட மேலும் இரண்டு கிழமை பொறுங்கள். முருகைப் பூச்சிகளை மட்டும் உண்ணும் வண்ணாத்தி மீன்களைத் தவிர்த்துவிடுங்கள். அவை தொட்டியில் பட்டினியால் மடியும்.

நாளாந்தப் பராமரிப்பு

ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு அங்கேயே தங்கிவிடும். எனவே குறையும் அளவுக்கு நன்னீரே ஊற்றவேண்டும். ஒரு லீற்றர் ஆவியானால் பம்பி அறையில் மட்டம் 2 சென்ரிமீற்றருக்கு மேல் இறங்கும். நாள்தோறும் பார்க்காவிட்டால் பம்பி காய்ந்து எரிந்துவிடும். குழாய்நீரைப் பாவித்தால் குளோரின் நீங்க ஒரு நாள் திறந்துவைத்து, காற்றூட்டிய பின் ஊற்றுங்கள். கிழமைக்கு 20 லீற்றர் கடல்நீரை மாற்றுங்கள். துணிப்பையை மூன்று நாளுக்கொருமுறை கழுவுங்கள். இரண்டாம் அறையின் பொருட்களை, தொட்டியிலிருந்து எடுத்த உப்புநீரில் மட்டும் இலேசாக அலசுங்கள். நன்னீர் பக்ரீரியாக்களைக் கொல்லும்.

2022 மார்ச் இறுதியில் எமது நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததை மறக்கமுடியாது. பற்றரியில் இயங்கும் ஒரு சிறு காற்றுப்பம்பி வீட்டில் இருக்கட்டும். மின்சாரம் இல்லாத வேளையில் மீனுக்கு உணவிடாதீர்கள்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் வீட்டிலோ பாடசாலையிலோ உள்ள தொட்டிக்கு, மின்வெட்டின்போது எத்தனை லீற்றர் நீர் கீழிறங்கும் எனக் கணக்கிடுங்கள்.

2. ஆவியான நீருக்குப் பதிலாகக் கடல்நீரையே ஊற்றிவந்தால் ஒரு மாதத்தில் என்ன நடக்கும்?

3. ஆறு கிழமை காத்திருக்க முடியாத ஒருவருக்கு மீன் விற்பது சரியா? விற்பவரின் பொறுப்பு எதுவரை?